ஊர் வீதியில் வாகனம் நிறுத்துவது: வன்னி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஊர்ப்புற வீதிகளை மனதில் வைத்து எழுதியது. நகரத்துக்குள் இருக்கும் கட்டணத் தரிப்பிடங்களைப் பற்றியது அல்ல. படலை வாசல், ஒழுங்கை, வாய்க்கால் ஓரம், சந்திக் கடை என்று நாளாந்தம் சண்டை வருகிற இடங்களைப் பற்றியது.

எங்கள் வீதி யாருடையது? அதை ஏன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

முறைப்பாடுகளில் பாதி பிழையான கந்தோருக்குப் போய்த்தான் கிடப்பில் விழுகின்றன. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

'ஏ', 'பி' என்ற எழுத்தோடு இலக்கம் உள்ள வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகும் ஏ35 எல்லாம் அந்த வகை. 'சி', 'டி' வகை வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மீதி ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையுடையவை. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு, வெங்கலச்செட்டிகுளம் என்று உங்கள் பிரதேசத்துக்கு எது உரியதோ அந்தச் சபை.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாய்க்கால் கட்டு, குளக்கட்டு மேல் போகும் பாதைகள் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையவை. சிறு குளங்கள் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். சபைக்காரர் வந்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

காப்பெட் போட்டிருக்கிறது, அதனால் இது பெரிய அதிகார சபையின் வீதிதான் என்று முடிவு கட்டாதீர்கள். ஐ றோட் திட்டத்தில் காப்பெட் போட்ட எத்தனையோ வீதிகள் இன்றும் மாகாணத்தினுடையவை அல்லது சபையினுடையவை. பிரதேச சபைக் கந்தோரிலோ உப அலுவலகத்திலோ வீதிப் பதிவேடு இருக்கும். வீதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கிராம அலுவலருக்கும் வழக்கமாகத் தெரிந்திருக்கும்.

ஊருக்குள் நிறுத்துவதற்கும் சட்டமா? எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வருவதே இல்லையே.

பொலிஸ் வராதது வேறு, சட்டம் இல்லாதது வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஏ9 வீதிக்கு எப்படியோ, உங்கள் கிறவல் றோட்டுக்கும் அப்படித்தான். பொதுமக்கள் போய்வரும் வீதி என்றால் அதற்குள் அடக்கம். மற்றவர்களுக்கு இடைஞ்சலாகவோ ஆபத்தாகவோ வாகனத்தை விட்டுவிட்டுப் போவது குற்றம். பலகை நட்டிருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். தன் வீதிகளில் கிடக்கும் தடைகளை அகற்றவும், உப விதிகள் செய்து தரிப்பிடங்களை ஒழுங்குபடுத்தவும் சபைக்கு அது இடம் கொடுக்கிறது. உப விதி என்றால் தவிசாளர் கூட்டத்தில் எழுந்து சொன்ன பேச்சு அல்ல. சபை நிறைவேற்றி, உரிய அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். இதை நினைவில் வைத்திருங்கள், கட்டணம் பற்றிய கேள்வியில் திரும்பவும் வரும்.

இரண்டு நிமிடம் நிறுத்தி ஆளை இறக்குவதும் குற்றமா?

இல்லை. ஆளை ஏற்ற இறக்க, பொதியைத் தூக்கி வைக்க நிறுத்துவது ஒன்று. என்ஜினை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்த் தேத்தண்ணி குடிப்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலான இடங்களில் செய்யலாம். இரண்டாவதுக்கு இடம் பார்க்க வேண்டும். 'நிறுத்தக் கூடாது' என்று பலகை உள்ள இடத்தில் மட்டும் முதலாவதும் கூடாது. சாரதி ஆசனத்தில் ஆள் இருக்கிறார் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது. அந்த வாதத்தை வைத்துத் தண்டம் எழுதாமல் தப்பியவர்கள் குறைவு.

எங்கே ஒருபோதும் நிறுத்தக் கூடாது?

முடக்கு, சந்தியின் வாய், பாலம், மதகு, பாதசாரிக் கடவை, பஸ் தரிப்பிடம், வைத்தியசாலை வாசல், பாடசாலை வாசல். இவை எல்லாருக்கும் தெரிந்தவை, தெரிந்தும் நிறுத்துகிறோம். வன்னியில் இன்னும் மூன்று இடங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, ரயில் கடவை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வந்தது. அதற்கு முன் இரண்டு தசாப்தத்துக்கு மேலாகத் தண்டவாளமே இல்லாமல் வாழ்ந்த ஊர்கள் இவை. தண்டவாளத்தைத் தாண்டி வயலுக்கும் கடைக்கும் போய்ப் பழகிய கால்கள் இன்னும் அப்படியே போகின்றன. ஊர்ப்புறக் கடவைகளில் பலவற்றுக்குக் கேற் இல்லை, மணியும் விளக்கும் மட்டும்தான். சிலவற்றில் அதுவும் பழுது. இப்படிப்பட்ட கடவைக்குப் பக்கத்தில் ஒரு கன்டரையோ வானையோ நிறுத்தினால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு ரயில் வரும் பக்கம் மறைந்துவிடும். நிறுத்தியவருக்கு ஒரு கீறலும் விழாது. கடவையில் நின்று எட்டிப் பார்த்தால் தண்டவாளம் இரண்டு பக்கமும் நீளத்துக்குத் தெரிய வேண்டும், அதை மறைக்கும் எந்த இடத்திலும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, மாரியில் வெள்ளம் மேவிப் பாயும் தாழ்பாலங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளம் நிறைந்து வான் பாய்கிறது பார்ப்போம் என்று தாழ்பாலத்திலேயே வாகனத்தை விட்டுப் படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு மாரியிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, குழாய்க்கிணறும் பொதுக் கிணறும் இருக்கும் இடம். கோடையில் தண்ணீர் பவுசர் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

என் படலைக்கு முன்னால் ஒருவர் தினமும் ஓட்டோவை நிறுத்துகிறார். அது என்னுடைய இடம்தானே?

அது உங்கள் இடம் அல்ல. உங்கள் காணி வேலியோடு முடிந்துவிடும். ஆனால் உங்கள் வளவுக்குள் போய்வரும் வழியை மறிக்க அவருக்கும் உரிமை இல்லை. படலை திறந்து உங்கள் வாகனம் திரும்பி வெளியே வரும் அளவுக்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் வேலி ஓரமாக அவர் நிறுத்தினால் நீங்கள் மறுக்க முடியாது. வேலி நீளம் முழுக்க என் ஆட்சி என்பது நடக்காது.

பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து மதில் கட்டியவர்களுக்கு இன்னும் பிடிப்பதில்லை.

வேலியே வீதிக்குள் நகர்ந்திருந்தால் கதை வேறு. கதியால் போடும் ஒவ்வொரு முறையும் அரை அடி, ஒரு அடி என்று வெளியே தள்ளிப் போட்ட வேலிகள் எங்கள் ஊர்களில் ஏராளம். குடியேற்றத் திட்டங்களில் வீதிக்கென்று ஒதுக்கிய அகலம் தாராளமானது. தார் போட்ட பகுதி நடுவில் ஒரு கீற்றுதான், மீதி இரண்டு பக்கமும் வீதிக்குரிய நிலம். நில அளவை வரைபடத்தை எடுத்து வைத்தால் முறைப்பாடு சொன்னவரின் கிணற்றடி வரைக்கும் வீதி வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஓட்டோவைப் பற்றி எழுதிக் கொடுக்கப் போகும் முன் சொந்த வேலியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

யாரும் நிறுத்தாதபடி கல்லோ மரக்குற்றியோ பழைய டயரோ போட்டு வைக்கலாமா?

கூடாது. வாகனம் போய்விடும், கல் இரவிலும் கிடக்கும். மோட்டார் சைக்கிள்காரர் அதில் மோதி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கல் வைத்தவர். வீடு கட்டப் பறித்த மணலும் சல்லியும் இதே கணக்கில்தான் வரும். பறிக்க வேறு இடமே இல்லை என்றால் சபைக்கு அறிவித்து, பாதி வீதியாவது திறந்திருக்கும்படி பறித்து, சுற்றிவர இரவில் மின்னும் பட்டி கட்டுங்கள்.

தார் றோட்டை விட்டு இறக்கி ஓரத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். இறக்குவதற்குப் பயமாக இருக்கிறதே?

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காத கேள்வி. 2002இல் ஏ9 திறந்தபோது ஓரம் முழுக்கக் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைகள். தாரை விட்டு ஒரு அடி இறங்காதே என்றுதான் எல்லாருக்கும் சொல்லப்பட்டது. 2009க்குப் பிறகு மீளக்குடியமர்ந்தபோதும் அதே எச்சரிக்கைதான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த சாரதிகள் இன்றும் அவசரத்துக்குக்கூட நடு வீதியிலேயே நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மக்கள் குடியிருக்கும் ஊர் வீதிகளின் ஓரங்கள் வெடிபொருள் அகற்றி, மக்கள் போய்வரக் கையளிக்கப்பட்டவை. மாடு மேயும், பிள்ளைகள் சைக்கிள் ஓடும் ஓரத்தில் நீங்கள் தாராளமாக இறக்கலாம். பலகையோ சிவப்புக் குறியோ உள்ள இடத்தில், முகமாலைப் பக்கம் போன்ற பழைய முன்னரங்கு நிலங்களில், ஆட்கள் நடமாடாத பற்றைக்குள் இறக்காதீர்கள். சந்தேகமாக ஏதும் கண்டால் தொடாமல் 119க்குச் சொல்லுங்கள்.

இப்போது ஓரத்தில் இருக்கும் உண்மையான ஆபத்து வேறு. காப்பெட் போட்ட பிறகு பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் இடையில் அரை அடிக்கு மேல் இறக்கம். மாரியில் அந்த மண் களியாகிவிடும். பாரம் ஏற்றிய லொறியின் இடது சில்லு அதில் இறங்கினால் லொறி சரிந்துவிடும். மழைக்காலத்தில் பாரத்தோடு வந்தால், இறங்கி காலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஓரம் கட்டுங்கள்.

அறுவடை காலத்தில் என்ன விட்டுக்கொடுப்பு உண்டு?

சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஊரில் நிறைய உண்டு, அதுவும் வேண்டியதுதான். காலபோக வெட்டு பெப்ரவரி, மார்ச்சில் ஒன்றாக வரும்போது உழவு இயந்திரங்களையும் வெட்டு மெஷின்களையும் வீதி ஓரத்தில் நிறுத்தாமல் வயல் வேலை நடக்காது. வயலுக்குள் இறங்கும் வாய் ஒன்றுதான் இருக்கும். அதில் வெட்டு மெஷினை ஏற்றி வந்த லொறி நிற்கும், பின்னால் நெல் ஏற்ற வந்த உழவு இயந்திரப் பெட்டி, அதற்குப் பின்னால் வியாபாரியின் லொறி. அரை மணி நேரம் பொறுப்பதில் ஒருவரும் குறைந்துவிட மாட்டார்கள்.

பொறுக்க முடியாதவை வேறு. ஒன்று, கழற்றி விட்ட பெட்டி. உழவு இயந்திரத்தைக் கொண்டு போய்விடுவார்கள், நெல் ஏற்றிய பெட்டியை வீதி ஓரத்தில் முன்பக்கம் ஒரு மரக்குற்றியில் முண்டு கொடுத்து விட்டிருப்பார்கள். அதன் கொளுக்கி வீதியைப் பார்த்தபடி, சைக்கிளில் வருபவரின் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி சேறு படிந்த நிறம், பின் விளக்கு கிடையாது, ஒட்டிய சிவப்பு ஸ்ரிக்கர் வைக்கோல் தூசியில் மூடியிருக்கும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சமும் கண்ணில் அடித்தால் அதைக் காண வழியே இல்லை. கழற்றி விடத்தான் வேண்டும் என்றால் கொளுக்கியை வேலிப் பக்கம் திருப்பி, தாரை விட்டு முழுதாக இறக்கி, பின்னால் மின்னும் பட்டி ஒட்டிவிடுங்கள். ஒரு முழம் பட்டி ஹாட்வெயார் கடையில் வாங்கும் விலை ஒரு பிளேன் ரீ, இரண்டு றோல்ஸ் கணக்குத்தான்.

இரண்டாவது, நெல் காயவிடுவது. களம் போதாது, காப்பெட் சூடாக இருக்கிறது, எல்லாரும் செய்கிறார்கள். பகலில் ஒரு பக்கம் மட்டும் விரித்து, ஆள் காவல் இருந்து, மற்றப் பக்கம் ஒரு வாகனம் தாராளமாகப் போக விட்டால் ஊரில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இரவில் கறுப்புப் படங்கால் மூடி, சுற்றிவரக் கல் வைத்து விட்டுவிட்டுப் போவதைத்தான் ஏற்க முடியாது. கறுப்புத் தாரில் கறுப்புப் படங்கு. நெல்லைக் குவித்துச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை என்றால், அன்றைக்கு வீதியில் விரிக்காமல் இருப்பதே மேல்.

மூன்றாவது, இரும்புச் சில்லு பூட்டிய உழவு இயந்திரத்தைத் தாரிலும் கொங்கிறீட்டிலும் ஓட்டுவது. தரிப்போடு சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயல் வாயில் சில்லை மாற்றுங்கள். அந்த வீதி இன்னொரு முறை போட எத்தனை வருடம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரவில் ஓரமாக நிறுத்தினால் லைட் போட வேண்டுமா?

ஆம். தெருவிளக்கு இல்லாத வீதியில் பார்க் லைட் இல்லாமல் விட்டால் சட்டப்படியும் பிழை, காப்புறுதிக்காரரிடமும் பேச்சு எடுபடாது. பழுதாகி நின்றால் நான்கு பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வழக்கம் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்துப் போடுவது. பகலில் அது எல்லாருக்கும் விளங்கும். இரவில் கொப்பு தெரியாது. வேலை முடிந்து போகும்போது அந்தக் கொப்பையும், சில்லுக்குக் கொடுத்த கல்லையும் எடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, வலது பக்கத்தில் எதிர்முகமாக நிறுத்தாதீர்கள். நாங்கள் இடது பக்கம் ஓடுகிறவர்கள், இடது ஓரத்தோடு ஒட்டி நிறுத்த வேண்டும். வலது பக்கம் முகம் திருப்பி நிற்கும் வாகனத்தின் முன்விளக்கைக் கண்டால் எதிரே வருபவர் தன் பக்கம் எது என்றே குழம்பிவிடுவார். அதோடு வாகனத்தின் பின்னால் இருக்கும் சிவப்பு ஒளிதெறிப்பானும் அவருக்குத் தெரியாது.

கலியாண வீடு, செத்த வீடு என்றால் வீதியை மறித்துப் பந்தல் போடலாமா?

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல எல்லாரும் தயங்குவார்கள். செத்த வீட்டில் போய் யார் சட்டம் பேசுவது? நாலு நாளைக்கு ஒழுங்கையில் கதிரை போட்டிருந்தால் அயல் பொறுக்கும், பொறுக்கத்தான் வேண்டும். துக்கத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்க முடியாது என்பதும் சரி. கிராம அலுவலருக்கு ஒரு வார்த்தை சொல்லி, பெரிய வீதி என்றால் பொலிஸ் நிலையத்துக்கும் சொன்னால் போதும். உடலை எடுத்துப் போகும் நேரத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த அவர்களே ஆள் அனுப்புவதும் உண்டு.

கலியாணம் அப்படி இல்லை, நாள் குறித்துச் செய்வது. வீதியில் பந்தல் போடுவதற்குச் சபையிடமும் பொலிஸிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்கும் பொலிஸ் அனுமதி தேவை என்பதால் இரண்டையும் ஒரே நடையில் முடிக்கலாம்.

பந்தலைவிடப் பெரிய பிரச்சினை வருகிறவர்களின் வாகனங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ், ஐந்தாறு ஹையேஸ், ஐம்பது மோட்டார் சைக்கிள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் ஒரு ஓட்டோகூடப் போகாது. அந்த ஒழுங்கையின் தொங்கலில் ஒரு கர்ப்பிணியோ நெஞ்சு நோகிற முதியவரோ இருந்தால்? 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். சந்தி வரைக்கும் வரும். அதற்குமேல் யாரோ ஒருவரின் வாகனத் திறப்பைத் தேடிப் பந்தலுக்குள் ஒலிபெருக்கியில் இலக்கம் வாசிக்க வேண்டும். அந்த ஆள் சாப்பாட்டுப் பந்தியில் இருப்பார்.

செய்யக்கூடியது இதுதான். ஒழுங்கையின் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த விடுங்கள். பக்கத்து வெறும் காணிக்காரரிடமோ பாடசாலையிடமோ கோயில் வளவிலோ முன்கூட்டியே இடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சந்தியில் இளம் பெடியன்கள் இரண்டு பேரை விட்டு வாகனங்களைத் திருப்புங்கள். அவர்களுக்கு முதல் பந்தியில் சாப்பாடு போடுங்கள், இல்லாவிட்டால் பதினொரு மணிக்கு இடத்தை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

கோயில் திருவிழாவில் வாகனத்துக்குக் காசு வாங்குகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கும், பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் வரும் சனத்துக்கு வீதி ஓரம் போதாது. அதனால் தனியாக வாகனப் பாதுகாப்பு நிலையங்கள் போடுகிறார்கள். சபை குத்தகைக்கு விட்ட இடமாக இருந்தால் கட்டணம் எவ்வளவு என்று எழுதிய பலகையும், அச்சடித்த பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் சபையின் பெயரும் தொகையும் இல்லை என்றால் கேளுங்கள். தனியார் வளவுக்குள் விட்டால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு.

பொது வீதியின் ஓரத்தில் நின்றுகொண்டு கையில் ஒரு கொப்பியோடு காசு கேட்பவருக்குக் கொடுக்கத் தேவையில்லை. உப விதியும் சபைத் தீர்மானமும் இல்லாமல் பொது வீதியில் தரிப்புக் கட்டணம் வாங்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, ஆலய பரிபாலன சபைக்கும் இல்லை. கோயிலுக்கு என்று மனம் வந்து கொடுப்பது தனி, அதை உண்டியலில் போடுங்கள்.

முறிகண்டியில் எல்லாரும் நிறுத்துகிறார்களே, அங்கே மட்டும் விதி இல்லையா?

விதி உண்டு. பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகும் சாரதி அரிது, அதனால் அங்கே நிறுத்துவதற்கென்று இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போங்கள். ஜன்னல் ஊடாகக் கற்பூரத்துக்குக் காசு கொடுப்பதற்கு ஏ9 நடுவில் பிரேக் அடிப்பதுதான் பிழை. பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவுப் பஸ்ஸின் சாரதியும் பிள்ளையாரைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார், உங்கள் பின் விளக்கை அல்ல.

பஸ், பாடசாலை வான் கைகாட்டிய இடமெல்லாம் நிற்கின்றன. கேட்க ஆள் இல்லையா?

ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும் ஊரில் பஸ் கைகாட்டிய இடத்தில் நிற்பதை யாரும் முறைப்பாடு செய்ய மாட்டார்கள், நானும் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கும்போது இடது ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். பாடசாலை வான் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். காலை ஏழரைக்கு முன்பும் மதியம் ஒன்றரைக்கும் வாசலுக்கு நேர் எதிரே வான் நின்றால், பிள்ளை வானின் முன்பக்கத்தால் ஓடி வீதியைக் கடக்கும், வருகிற மோட்டார் சைக்கிளுக்குப் பிள்ளை தெரியாது. வாசல் இருக்கும் பக்கத்திலேயே, வாசலைத் தாண்டி நிறுத்த வேண்டும். அதிபர் ஒரு கடிதம் கொடுத்தால் பொலிஸார் அந்த நேரத்துக்கு ஆள் விடுவார்கள்.

இரவில் டிப்பர்களும் லொறிகளும் எங்கள் வீதியில் விடப்படுகின்றன.

சாரதியின் வீடு உங்கள் வீதியில் இருக்கும், முதலாளியின் யார்ட் தொலைவில் இருக்கும். அதுதான் காரணம். பத்தடி கொங்கிறீட் வீதியில் டிப்பர் நின்றால் அது தரிப்பு அல்ல, அடைப்பு. மதகுகளும் அந்தப் பாரத்துக்குக் கட்டியவை அல்ல. பாரம் மட்டுப்படுத்தும் பலகை நடச் சொல்லிச் சபையிடம் கேளுங்கள். வாகன இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிப் பொலிஸுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன் சாரதியோடு பேசிப் பாருங்கள், உங்கள் ஊர்ப் பெடியன்தானே.

கராச்காரர் வீதியிலேயே வாகனம் கழற்றுகிறார்.

கராச்சுக்குச் சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் தேவை. வருடம் தோறும் அதைப் புதுப்பிக்கும்போது உங்கள் முறைப்பாடு கோவையில் இருந்தால் வேலை நடக்கும்.

குளக்கட்டில், வாய்க்கால் கட்டில் நிறுத்தலாமா?

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற இடங்களில் ஞாயிறு மாலை வாகனம் நிற்காத நாள் இல்லை. கட்டின் மேல் பாரவாகனம் ஏற்றக் கூடாது. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கும் வான்கதவுக்கும் போகும் வழியை மறிக்கக் கூடாது. மழைக்காலத்தில் அதிகாரிகள் இரவில் ஓடி வந்து கதவு திறக்க வேண்டி வரும், அந்த நேரத்தில் உங்கள் வாகனத்துக்கு ஆள் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது. வாய்க்கால் கட்டில் தண்ணீர் முறைக்காரர் மோட்டார் சைக்கிளில் போக வழி விட்டால் போதும்.

இரவில் வீதியில் யானை நின்றால் நிறுத்துவதா, போவதா?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாந்தை கிழக்குப் பக்கத்தில் இது வேடிக்கைக் கேள்வி அல்ல. தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை மின்ன வைக்காதீர்கள், என்ஜினை நிறுத்தாதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள். பின்னால் வழி இருந்தால் மெதுவாகப் பின்னெடுங்கள். பின்னால் வருபவர் முந்திப் போகப் பார்ப்பார், அவரையும் கை காட்டி மறியுங்கள்.

தண்டப் பத்திரம் எழுதிவிட்டார்கள். அடுத்து என்ன?

உடன் தண்டம் என்றால் பத்திரத்தோடு தபாலகத்தில் 14 நாட்களுக்குள் பணத்தைக் கட்டுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்திருந்தால் அந்தப் பத்திரமே அந்த நாட்களுக்கு உங்கள் தற்காலிக அனுமதி. தவறவிட்டால் தண்டம் இரட்டிக்கும், அதற்கும் மேல் போனால் நீதவான் நீதிமன்றம். பிழை இல்லை என்று நம்பினால் கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்லலாம். அப்படியானால் வாகனம் நின்ற இடத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், வீதி ஓரமும் பலகை இருந்த இடமும் படத்தில் வர வேண்டும்.

அயலவரோடு தரிப்புச் சண்டை பெரிதாகிவிட்டது. பொலிஸுக்கா போவது?

போனால் பொலிஸார் பெரும்பாலும் இணக்க சபைக்குத்தான் அனுப்புவார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அமைப்பு அது. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பேரையும் இருத்திப் பேச வைப்பார்கள். ஆறு மாதம் முகம் பார்க்காத அயலவர்கள், எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை யார் நிறுத்துவது என்று அங்கே எழுதிக் கையொப்பம் வைத்த சம்பவங்கள் உண்டு. அடிபிடி, வாகனத்தைச் சேதப்படுத்தியது என்றால் நேரே பொலிஸ்.

எங்கள் சந்தியில் 'நிறுத்தக் கூடாது' பலகை வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது?

சபை வீதி என்றால் செயலாளருக்கு முகவரியிட்டுக் கடிதம். உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் இருக்கிறார்கள், வேலை கொடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் போனால் தனி ஆள் எழுதுவதைவிடக் கனம் அதிகம்.

கடிதத்தில் வீதியின் பெயர், எந்தச் சந்தியிலிருந்து எந்த மின்கம்பம் வரை, எந்த நாள், எந்த நேரம் நெரிசல், இதற்கு முன் நடந்த விபத்து ஏதும் உண்டா என்று எழுதுங்கள். "பொதுமக்கள் பெரும் அசௌகரியத்துக்கு உள்ளாகிறார்கள்" என்ற வசனத்தை மட்டும் எழுதி அனுப்பினால் அது கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். இரண்டு படம் இணையுங்கள். கையளிக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாதாந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க நேரம் இருக்கும்.